பாம்புக்கடியும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

நம் குடியானவர்களிற் பலர் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்த் தங்கள் பயிரை இன்ஷூர் செய்து வருகிறார்கள். காரிப் பருவத்து உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2 பங்கும், ராபிப் பருவத்து உணவுப் பயிருக்கு 1½ பங்கும், பணப் பயிருக்கு 5 பங்கு வரையிலும் பிரீமியம் செலுத்தவேண்டுமென்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பயிரினூடே இரவில் இறங்கி மடை திருப்புகிற ஆளுக்கு எவ்வளவு பிரீமியம் என்று எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிற் கேட்டால், விடை சொல்லுவோர் மிகச் சிலரே. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20 ரூபாய். அதைப் பற்றிப் பின்னர் விவரிப்போம். பணத்திற்கு முன் உயிரைக் கவனிக்கவேண்டுமாகையால், பாம்புக்கடி சிகிச்சையைப் பற்றி முதலிற் சொல்லுவது முறை.

பயிர்ச் செய்கையைப் பற்றி எழுதவேண்டிய இப்பத்திரிகையில் பாம்புக்கடிக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். பாம்புக்கடி பட்டணத்தார் வியாதியன்று. உழவுத் தொழிலின் வியாதி. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 46,000 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமவாசிகள் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சியில், 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் மாண்டவர் 12 லட்சம், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று தெரியவந்தது. இவற்றுள் நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய எண் வேறொன்று. 2005-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாண்டவர்களில் நூற்றுக்கு 23 பேரே ஆஸ்பத்திரியில் மாண்டனர். மற்ற 77 பேர் வீட்டிலோ, வழியிலோ, மந்திரிப்பவர் வாசலிலோ உயிர்விட்டவர்கள்.

நம் நாட்டில் மனித உயிரைப் பெரும்பாலும் வாங்குபவை நான்கு ஜாதிப் பாம்புகள். கண்ணாடி விரியன் எலியைத் தேடி நெல் வயலிலும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்கென்று நாம் பயிரிடும் கரும்புத் தோட்டங்களிலும் படுத்துக் கிடக்கும். கொல்லன் துருத்தியைப் போலப் பெருஞ்சத்தமாய்ச் சீறும். ஆனால் எளிதில் இடம்விட்டு விலகாது. சுருட்டை விரியன் சிறியது. மேட்டுப் புஞ்சையிலும் கல் வரப்பிலும் இருந்துகொண்டு, மணிலாச் செடி பிடுங்குவோர் கையிற் கடிப்பது. நல்ல பாம்பை எல்லோரும் அறிவர். நான்காவது கட்டு விரியன். இது இரவிற் சஞ்சரிக்கும். வீட்டுக்குள் புகுந்து, தரையிற் பாய் விரித்து உறங்குபவரைக் கடித்துவிட்டுப் போகும். இதன் கடியில் வீக்கமில்லை, வலியும் பெரும்பாலும் இல்லை. பல் பட்ட இடமும் கண்ணுக்குப் புலப்படாது. விடியற்காலையில் வயிற்று நோவு, தொண்டை அடைப்பு, கண் இமை சரிந்து விழுதல் என்று தொடங்கும்போது, அஜீர்ணம் என்றெண்ணிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. முந்தின இரவு தரையிற் படுத்தவருக்குக் காலையில் இமை சரிந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் உடனே வண்டி ஏற்றவேண்டும்.

விஷமுறிவு மருந்தின் வரலாறு உழவர் அறியத்தக்கது. ஏனெனில் அதிற் குதிரையும் பாம்பும் மனிதனும் ஒருங்கே உழைத்திருக்கிறார்கள். 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு வைத்தியர், பாம்பின் விஷத்தைச் சிறு சிறு அளவாய்ப் பிராணிகளுக்குச் செலுத்தி வந்தால் அவற்றின் இரத்தத்தில் அவ்விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாவதைக் கண்டு, அந்தச் சத்தை மருந்தாக்கினார். ஒரு ஜாதிப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து மற்றொரு ஜாதியின் விஷத்தை முறிக்காது என்பதைப் பின்னர் பிரேஸில் தேசத்து வைத்தியர் விடால் பிரஸில் நிரூபித்தார். ஆகையால் இந்தியாவில் மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றி, நான்குக்கும் பொதுவான மருந்தைத் தயாரிக்கிறார்கள். இதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிப்பவர்களில் முதன்மையானவர்கள் நம் மாகாணத்தார். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. இருளர் பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷத்தை எடுத்தபின், மறுபடி காட்டிற் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

மருந்தின் அளவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் அளவு பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம். விஷமுறிவு மருந்து 1 மில்லிலிட்டர் கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு புட்டியில் 10 மில்லிலிட்டர். எனவே ஒரு புட்டி 6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியனோ ஒரு கடியில் சராசரி 63 மில்லிகிராம் செலுத்துகிறது. ஆகவே சுமார் 10 புட்டிகள் தேவையாகின்றன. “ஒரு ஊசி போட்டால் போதாதா, பத்துப் புட்டி ஏற்றுகிறார்களே” என்று டாக்டரிடம் சண்டையிடுவோர் இந்தக் கணக்கை நினைவில் வைக்கவேண்டும். குழந்தைக்கும் இதே அளவுதான். மற்ற மருந்துகளைப் போலக் குழந்தைக்கு அரை அளவு, கால் அளவு என்பது இதில் இல்லை; ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

மருந்து இரத்தத்தில் உலவும் விஷத்தை முறிக்குமேயன்றி, விஷம் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை நீக்காது. விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, ஈறிலும் சிறுநீரிலும் இரத்தத்தை வரச்செய்து, கடைசியில் சிறுநீரகத்தைப் பாழாக்கும். கட்டு விரியன் விஷம் நரம்பு முனைகளையே பழுதாக்கிவிடுவதால், காலந்தாழ்த்தி எத்தனை புட்டி ஏற்றினாலும் நின்ற மூச்சு உடனே திரும்பாது. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் நாட்கணக்கில் வைத்திருந்து நரம்பு தானே தழைக்கும் வரையிற் காத்திருக்கவேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்றிய பத்துப் புட்டி செய்யும் வேலையை, ஆறு மணி நேரம் கழித்து ஏற்றிய முப்பது புட்டியும் செய்யாமற் போகலாம். மந்திரிப்பவரிடம் கழியும் இரண்டு மணி நேரத்தின் விலை இதுதான்.

மந்திரித்துப் பிழைத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. கடிக்கும் பாம்புகளில் நூற்றுக்கு 70 விஷமற்றவை என்பது வைத்திய சாஸ்திரக் கணக்கு. விஷப் பாம்பு கடித்தாலும் பாதித் தடவைதான் விஷத்தைச் செலுத்துகிறது. மற்றப் பாதி வெறுங்கடி. ஆகவே நூறு பேர் கடிபட்டால் சுமார் 85 பேர் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைக்கக்கூடியவர்கள். வேர் அரைத்துக் கொடுத்தாலும், கல் ஒட்டினாலும், கோழிக்குஞ்சை வைத்து உறிஞ்சவிட்டாலும் அந்த 85 பேர் பிழைப்பார்கள். புகழ் வேருக்குப் போகும். மிச்சமுள்ள 15 பேரைப் பற்றி “விதி முடிந்தது” என்று சொல்லிவிடுகிறோம். மருந்து உழைக்கிறதா என்பதைக் கண்டறிய, மருந்திடாத பாத்தியை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று செய்கை விளக்கத் திடல்களில் நாங்கள் ஓயாமற் சொல்லிவருவது இங்கும் பொருந்தும்.

வயலில் ஒருவருக்குக் கடி நேர்ந்தால் செய்யவேண்டியவை அதிகமில்லை, செய்யக்கூடாதவையே அதிகம். கயிற்றாலோ துண்டாலோ இறுக்கிக் கட்டுவது நம் பக்கத்தில் வேரூன்றிய வழக்கம். இரத்த ஓட்டம் நின்று கால் அழுகுவதும், கட்டை அவிழ்த்தவுடன் தேங்கிய விஷம் திடீரென்று ஏறுவதுமே இதனால் விளையும். கத்தியாற் கீறுவது விரியன் கடியில் பெருந்தீங்கு. இரத்தம் உறையாத உடம்பிற் கீறினால் அது நிற்காமல் ஒழுகும். வாயால் உறிஞ்சுவது, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது, சாராயம் கொடுப்பது எல்லாம் விலக்கத்தக்கவை. கடிபட்டவரை ஓடவும் நடக்கவும் விடாமல் உட்காரவைத்து, தைரியம் சொல்லி, மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றி, எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோலக் கை காலை ஒரு தப்பையோடு தளர்வாய்ச் சேர்த்துக் கட்டி, 108-க்கு டெலிபோன் செய்யவேண்டும். கடித்த நேரத்தை ஞாபகத்தில் வைக்கவேண்டும். பாம்பை அடித்துக் கொன்று எடுத்துப்போக வேண்டியதில்லை. அதைத் துரத்தப்போய் இரண்டாவது ஆளும் கடிபட்டதுண்டு. தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் பாதகமில்லை, மருந்து நான்குக்கும் பொதுவானது.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடங்களில் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோகலாம். ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவே நோயாளியை அமர்த்தி, பின்னாலிருப்பவர் அவரைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கல்வராயன் மலையில் வண்டிப் பாதையில்லாத குக்கிராமத்தார் கடிபட்டவரை நடக்கவிடாமல் டோலி கட்டித்தான் இறக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராய்ப் போகலாமென்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போவது தவறு. முதல் மருந்தை அங்கேயே ஏற்றிக்கொண்டு, பின்னர் அந்த டாக்டர் சொல்லுகிறபடி உளுந்தூர்ப்பேட்டைக்கோ, சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். மலையிலுள்ளார் இன்னொன்றையும் அறியவேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பச்சை நிற மூங்கில் குழிவிரியனின் விஷத்துக்கு நம் நாட்டு மருந்து ஏற்றதன்று. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது. எந்தப் பாம்பு என்று டாக்டரிடம் அடையாளம் சொன்னால் அதற்குத் தக்க சிகிச்சை செய்வார்.

ஆஸ்பத்திரியில் முதலிற் செய்யும் பரிசோதனை எளியது. சிறிது இரத்தத்தைப் புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறதென்று பொருள். உறைந்திருந்தாலும் நேரம் விட்டு மறுபடி மறுபடி பார்ப்பார்கள். ஏனெனில் விஷம் மெல்ல ஏறுவதும் உண்டு. ஆகையால் ஒருமுறை நன்றாயிருக்கிறது என்றவுடன் வீட்டுக்குப் புறப்படாமல், ஒருநாள் முழுதும் தங்கவேண்டும். அரசினர் ஆஸ்பத்திரிகளில் விஷமுறிவு மருந்துக்குப் பணம் கிடையாது. தமிழ்நாட்டு அரசாங்கம் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2024 நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியிருக்கிறது. அதாவது அரசினர் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், தன்னிடம் வந்த ஒவ்வொரு கடியையும் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

இனிப் பணத்தின் விஷயம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு 2015-இல் ஆண்டுக்கு 12 ரூபாய் பிரீமியத்தில் தொடங்கப்பட்டது. 2022 ஜூன் முதல் 20 ரூபாய். 18 வயது முதல் 70 வயது வரையில் பாங்கிலோ தபால் ஆபீஸிலோ சேமிப்புக் கணக்குள்ள எவரும் சேரலாம். விபத்தால் மரணம் நேர்ந்தாலும், இரு கண்களையோ இரு கைகால்களையோ இழந்தாலும் 2 லட்சம். ஒரு கண் அல்லது ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். பாம்புக்கடி இதில் விபத்தாகவே ஏற்கப்படுகிறது. ஆனால் நிபந்தனையொன்று உண்டு. வண்டி விபத்து, நீரில் மூழ்குதல் முதலியவற்றுக்குப் போலீஸ் தாக்கல் வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் முதலியவற்றுக்கு உடனடியாக ஆஸ்பத்திரியில் எழுதப்பட்ட பதிவு வேண்டும். அப்பதிவு இல்லையேல் பணமும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளி இரவில் கடிபட்டார். ஊரிலேயே வேர் அரைத்துக் கொடுத்தார்கள். விடியுமுன் மாண்டார், மறுநாள் பகலிலேயே தகனமும் ஆயிற்று. அவருடைய பாங்குப் புத்தகத்தில் அவ்வருஷத்து 20 ரூபாய் கழிக்கப்பட்ட வரி தெளிவாய் இருக்கிறது. அவர் மனைவியார் அப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாய் நடந்தார். ஊரார் முப்பது பேர் பாம்பு கடித்ததற்குச் சாட்சி சொல்ல ஆயத்தமாயிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரும் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இல்லாமையால் ஒன்றும் நடக்கவில்லை. நான் முதலிற் சொன்ன நூற்றுக்கு 77 பேரின் குடும்பங்கள் இந்த அம்மையாரின் நிலையில்தான் இருக்கும். உயிரைக் காக்க எந்த வாசலுக்குப் போகவேண்டுமோ, அதே வாசலில்தான் குடும்பத்துக்கு வேண்டிய காகிதமும் கிடைக்கிறது. ஆகையால் உயிர் போய்விட்டதென்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகவேண்டும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். கட்டு விரியன் விஷத்தால் முழுதும் செயலற்று, செத்தவர்போற் கிடப்பவர் பிழைத்ததும் உண்டு.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, “பாம்பு கடித்தது, இன்ன இடத்தில், இன்ன வேலை செய்கையில், இன்ன மணிக்கு” என்று சொல்லி எழுதச் செய்து, ஏ.ஆர். காப்பி என வழங்கும் அதன் நகலைக் கேட்டு வாங்கவேண்டும். “ஏதோ கடித்தது” என்று எழுதியிருந்தால் பின்னால் வழக்காடவேண்டிவரும். மரணம் நேர்ந்தால் பிரேத பரிசோதனைக்குச் சம்மதிக்க நம் ஜனங்கள் கூசுகிறார்கள். உடலைச் சிதைப்பதா என்று அழுவோரிடம் சட்டம் பேசுவது கஷ்டமே. எனினும் இயற்கைக்கு மாறான மரணத்தில், முன்பு 174-ஆம் பிரிவென்று வழங்கியதும் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194-ஆம் பிரிவாயிருப்பதுமான விதியின் கீழ்ப் போலீஸ் விசாரணை நடக்கவேண்டியதே. அந்த விசாரணை அறிக்கையும் பரிசோதனை அறிக்கையும் இருந்தால் இறப்புக்குக் காரணம் இதுவென்பதில் சந்தேகத்துக்கு இடமிராது. துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்லத் தக்கவர்கள் கிராம நிர்வாக அலுவலரும், ஊர்ப் பெரியவர்களுமே.

இதே காகிதங்கள் வேறொரு வாசலிலும் உதவும. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், நன்செய் 2½ ஏக்கருக்கு அல்லது புன்செய் 5 ஏக்கருக்கு மேற்படாமல் வைத்துத் தாமே பயிரிடும் குடியானவரும், குத்தகைதாரரும், விவசாயத் தொழிலாளரும், 18 முதல் 65 வயது வரையில் உறுப்பினராகலாம். விபத்து மரணத்துக்கு உதவித்தொகை உண்டு. மனு தாசில்தார் ஆபீஸில் கொடுக்கவேண்டும். பத்து ஏக்கர்க்காரர் தமக்கு இது கிடைக்காதே என்று விட்டுவிடலாகாது. அவர் வயலில் இறங்குகிற ஆட்கள் உறுப்பினர்களா என்று விசாரித்து, இல்லாதவரைச் சேர்ப்பித்தால் அவருக்கு ஒரு செலவுமில்லை.

வைத்தியச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடந்து வருகிறது. 2018-இல் மத்திய அரசாங்கத்தின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரையில், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவரே குடும்பத்தினர். புது மருமகள் பெயரையும், பிறந்த குழந்தை பெயரையும் ரேஷன் கார்டிற் சேர்க்காமல் வருஷக்கணக்கில் விட்டிருப்பவர்கள் அதை இம்மாதமே செய்துவிடட்டும். நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு ஓடுவதைவிட, அறுவடை ஓய்ந்த காலத்தில் அதை வாங்கிக் கார்டு பெற்றுவைப்பது எளிது. சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற எண்ணுக்குச் செலவின்றிப் பேசலாம். வருமானம் மேற்பட்டவர்கள் தனிப்பட்ட பாலிஸி எடுக்கும்போது, சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதவேண்டும். மறைத்ததைக் காரணங்காட்டியே பல கோரிக்கைகள் தள்ளப்படுகின்றன.

கடிபடாமல் இருப்பதற்குச் செலவு சொற்பம். இரவில் மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டார் போட்டு நீர் பாய்ச்சப் போகிறவருக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், டார்ச் விளக்கும், முன்னே தட்டிச் செல்ல ஒரு கழியும் வேண்டும். கரும்பில் சோகை உரிப்போருக்கும் மணிலா பிடுங்குவோருக்கும் தடித்த கையுறை. வைக்கோற்போரும் விறகும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கலாகாது. எலி இருக்குமிடத்திற்குப் பாம்பு வரும். கட்டிலில் படுப்பது நலம். கட்டில் இல்லாதவர் பாயின் மேல் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியிற் செருகிப் படுத்தால் கொசுவோடு கட்டு விரியனும் விலகும்.

மேற்சொன்ன 20 ரூபாய் காப்பீட்டின் வருஷம் ஜூன் 1-ஆம் தேதி தொடங்கி மே 31-ஆம் தேதி முடிகிறது. கணக்கிலிருந்து தானாகவே கழித்துக்கொள்ளும்படி ஒருமுறை எழுதிக் கொடுத்தாற் போதும். ஆனால் மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு அற்றுப்போகும். ஒருவருக்கு எத்தனை கணக்கிருந்தாலும் ஒன்றின் மூலமே சேரலாம். வாரிசுதாரர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, அப்பெயர் ஆதார் கார்டிலுள்ளபடியே இருக்கிறதா என்று பாங்கிற் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். பச்சையம்மாள் என்பது ஒன்றிலும் பச்சையம்மா என்பது மற்றொன்றிலும் இருந்தாலும் காலதாமதம் உண்டு. விபத்து நேர்ந்த 30 நாட்களுக்குள் கோரிக்கை மனுவை, கணக்கு வைத்திருக்கிற பாங்குக் கிளையிலேயே கொடுக்கவேண்டும்.